கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

முகையூர் வட்டாரத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டால் 'கை கால் விழுந்துவிட்டது' என்பார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் உயிர் தப்பி வீடு திரும்பிய பிறகு, எஞ்சிய சிகிச்சை வீட்டுக் கூடத்தில்தான் நடக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவரை நோயாளியின் வீட்டுக்கே அனுப்புகிறது. அவர் போன பின் நோயாளியை எழுப்பி உட்கார வைப்பவர் மகனோ மருமகளோதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் அந்த ஓர் அசைவை மட்டும் இங்கே நிதானமாகப் பார்ப்போம்.

எவருக்கும் முதலில் தோன்றுவது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது. தவறு இங்கேயே தொடங்குகிறது. விழுந்த பக்கத்துத் தோளில் எலும்பைப் பிடித்து வைத்திருந்த தசைகள் தளர்ந்திருக்கும். கையின் பாரமே மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கையைப் பற்றி இழுத்தால் மூட்டு மேலும் விலகும், வலி மாதக்கணக்கில் தங்கும். தூக்குபவரின் இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் மனிதர் எப்படி எழுகிறார்? நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, பாதங்களை முன்னே நீட்டிக்கொண்டு எழ முயன்று பாருங்கள், முடியாது. பாதங்கள் முழங்காலுக்குப் பின்னே போக வேண்டும், மார்பு முன்னே சாய வேண்டும், உடலின் பாரம் பாதங்களுக்கு மேல் வந்து சேர வேண்டும். அதன் பிறகே இடுப்பு இருக்கையை விட்டு எழும்பும். உதவுபவர் நேர் எதிரே நெருக்கி நின்றால் இந்தச் சாய்வுக்கு இடமில்லை. சாய்வைத் தடுத்துவிட்டு மேலே இழுப்பதால்தான் அறுபது கிலோ உடல் அவ்வளவு கனக்கிறது.

இனி, இடத்தைச் சீர்செய்ய வேண்டும். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து, இடுப்பு முழங்காலை விடத் தாழ்ந்துவிடும். அதிலிருந்து எழுவது நல்ல உடம்புக்கே பாடு. பலகைக் கட்டில் நல்லது. நாற்காலியை நோயாளியின் நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றே சாய்வாகப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் பின்கால்கள் சுவரை முட்டியிருக்கட்டும்; சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டு, கால்மிதியை மடக்கிவிடுங்கள். நெடுநேரம் படுத்திருந்தவரைச் சட்டென்று எழுப்பினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும்.

மருமகள், மாமனாரின் விழுந்த பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்கிறார். மாமனாரின் தளர்ந்த முழங்கால் மடங்காமல் தம் முழங்காலால் அணைகொடுக்கிறார். அவர் இடுப்பில் இறுகச் சுற்றிய துண்டைப் பின்பக்கமாகப் பிடித்திருக்கிறார். "நீங்களே எண்ணுங்க மாமா. மூணு சொன்னதும் முன்னாடி சாயுங்க." எண்ணும் பொறுப்பை அவரிடம் விடுவது உபசாரம் அன்று. தாமே எண்ணித் தாமே சாயும்போது அந்த அசைவு அவருடையதாகிறது. முயலும் உடலின் வழியாகத்தான் மூளை இழந்ததை மீளக் கற்கிறது.

இந்தக் கருத்துக்குத் தமிழ்நாட்டில் நிறுவன வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த பின்பும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உதவி பெறுபவர் நிலையையும் உதவி செய்பவர் நிலையையும் ஒருசேர அறிந்த மருத்துவர் அவர் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அசைவு நோயாளியுடையதாக வேண்டும் என்பதால், உதவும் கையின் பங்கு வரவரக் குறைய வேண்டும்: இன்று துண்டை இறுகப் பிடித்த கை, தேறியபின் முதுகைத் தொட்டால் போதும். ஆனால் அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. இடப்பக்கம் விழுந்தவர்களுள் சிலருக்கு அந்தப் பக்கம் இருப்பதே நினைவில் இராது. பாதம் தரையில் சரியாகப் பதிந்ததா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நடக்கத் தொடங்கினால் கைத்தடி நல்ல கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில்.

அப்படியும் சரிந்தால் இழுத்து நிறுத்தப் போராடாதீர்கள். உங்கள் உடல்மீது சாய்த்து, தொடை வழியாக மெல்லத் தரையில் இறக்குங்கள். தலை மட்டும் மோதக் கூடாது. கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால், இடுப்பில் கடும் வலி என்றால், தூக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.