பேய்க்குக் கிடைத்த 'ஏ'

1951-இல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'மர்மயோகி'தான் 'ஏ' முத்திரை வாங்கிய முதல் தமிழ்ப் படம் என்பார்கள். எம்.ஜி.ஆர். நடித்த ராஜா ராணிக் கதை. ஆபாசம் துளியும் கிடையாது. ஆவி உருவம் ஒன்று வந்து போகிறது, பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்று தணிக்கைக் குழு கவலைப்பட்டது. அப்போது எங்கள் சித்தூர் ஜில்லா சென்னை ராஜ்யத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திராவுக்குப் போனது. 1964-இல் 'மர்மயோகி' கதை என்.டி.ஆர். நடிப்பில் தெலுங்கிலும் வந்தது. மாநில எல்லையைப் போலவே, எதைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது என்கிற கோடும் இடம் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ்ப் படமும் ஓடும், தெலுங்குப் படமும் ஓடும். படம் தொடங்குமுன் சென்சார் சான்றிதழ் சில நொடி திரையில் நிற்கும். பிலிம் சுருள் காலத்தில் பிள்ளைகள் அதில் தேடிப் படித்தது எத்தனை ரீல் என்பதைத்தான். பதினாறு என்றால் கைதட்டல். பன்னிரண்டு என்றால் முகம் வாடிவிடும். அது யு-வா ஏ-வா என்று பார்த்தவர்கள் குறைவு. போஸ்டரில் பெரிதாக 'ஏ' போட்ட காலைக் காட்சிப் படம் என்றால் மட்டும் ஊருக்கே தெரியும். அந்தப் போஸ்டர் ஒட்டிய சுவரைக் கடக்கும்போது பெரியவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள்.

1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தில் இரண்டே வகை: எல்லோருக்கும் யு, பதினெட்டு நிறைந்தவர்களுக்கு ஏ. 1970-இல் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நான்கு பெருநகரங்களின் ஏழ்மையையும் பகட்டையும் அருகருகே காட்டிய அவருடைய குறும்படத்துக்கு, சிவப்பு விளக்குப் பகுதி வருகிறது என்று முதலில் 'ஏ' கொடுத்தார்கள். அவர் வழக்குப் போட்ட பிறகு, வெட்டில்லாமல் 'யு' தர அரசே இசைந்தது. படம் அதேதான், மாறியது பார்த்தவர்களின் மனம். ஆனாலும் வயது பார்த்துப் பிரிப்பது சரிதான் என்று நீதிமன்றம் சொன்னது. நானும் அதை ஏற்கிறேன். 1983-இல் நடுவே 'யு/ஏ' வந்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி அதையும் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று மூன்றாக வகுத்தார்கள்.

அந்தத் திருத்தத்தில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. யு/ஏ-வுக்குப் பக்கத்தில் போடும் வயதைப் பெற்றோரும் காப்பாளரும் தவிர வேறு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. டிக்கெட் கிழிப்பவர் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. வாசலில் இருந்த காவலைச் சட்டம் பக்கத்து நாற்காலிக்கு மாற்றிவிட்டது.

அந்த நாற்காலியில் நடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கதாநாயகனும் நாயகியும் நெருங்கி நின்றால் போதும், பாட்டியின் கை பேரனின் கண்ணை மூடிவிடும். அடுத்த காட்சியில் அரிவாள் வரும்போது கை தானாக இறங்கும். தலை உருளும், அப்பா விசிலடிப்பார், மடியில் இருக்கும் பிள்ளையும் விரலை வாயில் வைத்துப் பழகும். அன்பில் குறைந்த குடும்பம் இல்லை இது; எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

2025 ஆகஸ்டில் ரஜினியின் 'கூலி'க்கு வன்முறைக்காக 'ஏ' கிடைத்தது. கே.ஜி.எஃப்., பீஸ்ட் போன்ற படங்களுக்கெல்லாம் யு/ஏ தந்தார்களே என்று தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ வெட்டுக்குத்துப் படங்களுக்குக் குடும்பத்தோடு போய்ப் பழகியவர்களுக்கு அந்த 'ஏ' அநியாயமாகவே பட்டது.

யோசித்துப் பார்க்கிறேன். 1951-இல் பேய்க்குப் பயந்தோம். பிறகு முத்தத்துக்குப் பயந்தோம். இப்போதுதான் ரத்தத்துக்குக் கொஞ்சம் பயப்படத் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைக்கு எது வலிக்கும் என்று கேட்டு இந்த வரிசை அமையவில்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது எது நமக்குக் கூச்சமோ அதற்கு 'ஏ' போட்டோம். முத்தத்தைப் பற்றிக் கேட்டால் நமக்கு வார்த்தை வராது. கொலையைப் பற்றிப் பிள்ளை கேட்பதே இல்லை, ஏனென்றால் நம் விசிலே அதற்குப் பதிலாகிவிடுகிறது. ஒரு கண்ணால் திரையையும் மறு கண்ணால் நம் முகத்தையும் பார்த்துத்தான் பிள்ளை படம் பார்க்கக் கற்கிறது. நம் முகத்துக்கு எந்த வாரியமும் சான்றிதழ் தருவதில்லை.

சில பிள்ளைகள் படம் விட்டதும் கேட்கும்: "அந்த அடியாளுக்கு வீட்டில் யார் இருக்காங்க?" வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நின்று அதற்குப் பதில் சொன்ன அப்பா அம்மாக்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். சண்டைக் காட்சியில் பிள்ளையை முறுக்கு வாங்க வெளியே கூட்டிப் போனவர்கள் அல்ல அவர்கள். கூடவே உட்கார்ந்து, விசிலடிக்காமல் பார்த்தவர்கள்.