முகம் அறியாத கைகள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெமிங்டன் ஸ்பா ஊருக்கு வெளியே, ரோமானியர் போட்ட ஃபாஸ் வே சாலையோரம் ஒரு கண்காட்சி வளாகம் இருக்கிறது. சுற்றிலும் வயல்கள். அக்டோபரில் அங்கே மாதிரிப் பொறியியல் கண்காட்சி கூடும். மாதிரி என்று பெயரே தவிர, எல்லாம் வேலை செய்கிற இயந்திரங்கள். இரண்டு கையால் தூக்கிவிடக்கூடிய ரயில் எஞ்சின், நிலக்கரி தின்று தண்ணீர் குடித்து, வளர்ந்த ஆளைப் பின்னால் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகும். செய்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். வீட்டுப் பின்புறக் கொட்டகையில் ஒரு லேத்தை வைத்துக்கொண்டு ஒரே எஞ்சினுக்குப் பத்து வருடம், பதினைந்து வருடம் கொடுத்தவர்கள். யாரும் கேட்டுச் செய்யவில்லை. விற்கும் எண்ணமும் இல்லை.

கதவு திறந்ததும் கூட்டம் கண்ணாடிப் பெட்டிகள் பக்கம் போவதில்லை, கடைகளுக்குப் போகிறது. பித்தளைக் கம்பி, வெண்கலத் துண்டு, வெட்டிய மிச்சம் என்று பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள். நல்ல துண்டுகள் காலையிலேயே போய்விடும். மதியத்துக்கு மேல்தான் மாதிரிகளின் முன்னால் ஆட்கள் நிதானமாக நிற்கத் தொடங்குகிறார்கள். நானும் அந்த வரிசையிலேயே பார்த்தேன். கடைகளைப் பார்த்த கண்ணோடு மாதிரிகளுக்குப் போவதுதான் சரியான வரிசை என்று இப்போது நினைக்கிறேன். பளபளப்புக்கு முன்னால் இருந்தது என்னவென்று தெரிந்துவிடுகிறது.

*

மரையாணி விற்கும் கடை. ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஓர் ஆணியை எடுத்து நீட்டினார். கடைக்காரர் அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒருமுறை உருட்டினார். நக நுனியால் மரையைத் தடவினார். "ஆறாம் நம்பர் பி.ஏ." என்றார். அளவுகோல் எதுவும் எடுக்கவில்லை.

பி.ஏ. என்பது 1884-ஐ ஒட்டி பிரிட்டிஷ் அசோசியேஷன் வகுத்த மரை அளவு. சுவிட்சர்லாந்தில் தூரி என்பவர் வகுத்த முறையைப் பின்பற்றியது. சைபர் நம்பர் ஆணிக்குக் குறுக்களவு 6 மில்லிமீட்டர், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டர். அடுத்தடுத்த நம்பருக்கு அந்த இடைவெளி முந்தியதில் 0.9 பங்காகக் குறைந்துகொண்டே போகும். ஆறாம் நம்பருக்கு வரும்போது ஆணி 2.8 மில்லிமீட்டர், மரை 0.53. பத்தாம் நம்பர் 1.7 மில்லிமீட்டர்தான். மரைப் பள்ளத்தின் கோணம் எல்லாவற்றுக்கும் 47½ பாகை. கணக்காகப் பார்த்தாலே அழகான ஏற்பாடு. கருவி செய்கிறவர்களுக்காக வந்தது. தொழிற்சாலைகள் அதைக் கைவிட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சிறு இயந்திரம் செய்கிறவர்கள் விடவில்லை.

பெரியவரின் ஆணி எப்போது, யார் கடைந்ததோ தெரியாது. கடைக்காரர் கொடுத்த புது நட்டு அதில் தடங்கலில்லாமல் ஏறியது. ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு பேர் செய்த இரண்டு பொருள், யாரோ சிலர் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட ஒரு கணக்கை நம்பி, சேர்ந்துகொள்கின்றன. இதைவிடப் பெரிய நம்பிக்கை நம் அன்றாட வாழ்க்கையில் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

*

பழைய லேத் விற்கும் இடத்தில் நெடுநேரம் நின்றேன்.

இந்தக் கூட்டத்தில் மைஃபோர்டு என்ற பெயருக்குத் தனி மரியாதை உண்டு. நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் செய்த லேத். எம்.எல்.7 என்ற மாடல் 1946-ல் வந்தது. போர் முடிந்த கையோடு, வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவில், சாமானியர் மிச்சம் பிடித்து வாங்கக்கூடிய ஒரு நல்ல லேத். பீஸ்டன் தொழிற்சாலை 2011-ல் மூடப்பட்டது. லேத்துகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்க வருகிறவருக்கு முன்னால் இரண்டு பேரோ மூன்று பேரோ அதில் வேலை செய்திருப்பார்கள்.

ஒருவர் வாங்க வந்திருந்தார். மோட்டாரைப் போடச் சொல்லவில்லை. வெட்டும் டூலைத் தாங்கி நகரும் சேடிலை, பொருளைப் பிடிக்கும் சக்கின் பக்கத்தில் கொண்டுவந்தார். அங்கே ஆட்டம் இல்லாதபடி அதன் ஸ்குரூவை அளவாக முறுக்கினார். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி மறுகோடியில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கமாக மெல்ல நகர்த்தினார். பாதி தூரம் சுலபமாகப் போனது. அதற்கப்புறம் இறுகியது. முக்கால் தூரத்தில் நின்றே விட்டது. அவர் தலையாட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். வீட்டில் செய்கிற வேலை பெரும்பாலும் குட்டையான ஜாப். சேடில் சக்கை ஒட்டிய சில அங்குலத்திலேயே போய்வந்து கொண்டிருக்கும். அந்த இடத்தில், சேடில் ஓடும் தளமான பெட் தேயும். மறுகோடி பிறந்தபடியே இருக்கும். தேய்ந்த இடத்துக்குத் தக்கபடி முறுக்கினால் தேயாத இடத்தில் பிடித்துக்கொள்ளும். முன்னால் இருந்தவர் எவ்வளவு காலம், எவ்வளவு நீளத்தில் வேலை செய்தார், சிதறிய இரும்புத்தூளைத் துடைத்துவிட்டு எண்ணெய் போட்டாரா என்பதெல்லாம் அந்த இரும்பில் பதிவாகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கைச்சக்கரம் சொல்லிவிடும்.

அவர் வாங்கிக்கொண்டார். தேய்மானத்தைத் தெரிந்துகொண்டுதான் வாங்கினார். எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அதற்கேற்ப வேலை செய்துகொள்ளலாம் என்பது அவர் கணக்கு. மனிதர்களோடு வாழ்வதற்கும் இந்தக் கணக்கு போதும் என்று பட்டது.

*

வார்ப்புகள் விற்கும் கடைகள் பார்க்க எடுப்பாக இருக்காது. கறுப்பும் பழுப்புமான கட்டிகள், ஒரு வரைபடம். ஸ்டூவர்ட் நிறுவனத்தின் 10வி என்ற சிறு செங்குத்து எஞ்சின் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் விற்கிறது. சிலிண்டரின் துளை முக்கால் அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரமும் முக்கால் அங்குலம், ஃப்ளைவீல் 3 அங்குலம். முதன்முதலில் எஞ்சின் செய்கிறவர்கள் பலரும் இதில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

வார்ப்பிரும்பின் மேல்தோல் மணல் பட்டுக் கெட்டித்துப் போயிருக்கும். முதல் வெட்டு அந்தத் தோலுக்கு அடியில் போக வேண்டும். பயந்து பயந்து மேலோடு சீவினால் டூல் முனை மழுங்கிவிடும். புதிதாகத் தொடங்குகிற எவருக்கும் கடைக்காரர் காசு வாங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறார்.

*

இந்தப் பொழுதுபோக்குக்கு நீண்ட பரம்பரை உண்டு. பெர்சிவல் மார்ஷல் 1898 ஜனவரியில் 'தி மாடல் எஞ்சினியர்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே வருடம் லண்டனில் ஒரு சங்கம் சேர்ந்தது. பத்திரிகையின் முதல் கண்காட்சி 1907-ல் நடந்தது. இந்தப் பரம்பரையில் எனக்கு மிகவும் பிடித்தவர் எல்.பி.எஸ்.சி. என்ற பெயரில் எழுதியவர். அவர் வேலை பார்த்த லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகளையே பெயராக வைத்துக்கொண்டார்.

1920களில் சிறு எஞ்சினுக்கு ஸ்பிரிட் விளக்குதான் சரி, நிலக்கரி சரிப்படாது என்ற கருத்து வலுவாக இருந்தது. 2½ அங்குலப் பாதையில் ஓடும் 'ஆயிஷா' என்ற தன் எஞ்சினில் நிலக்கரி போட்டு ஆளை இழுத்துக் காட்டினார் அவர். அந்த வாக்குவாதத்துக்குப் பாய்லர் யுத்தம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

யுத்தத்துக்குள் இருக்கும் கணக்கு எளியது. 3½ அங்குலப் பாதையில் ஓடும் எஞ்சின் அசலில் 16-ல் ஒரு பங்கு. நீளம் 16 மடங்கு குறைந்தால் பரப்பு 256 மடங்கு குறையும். கொள்ளளவு 4,096 மடங்கு குறையும். உள்ளே இருக்கும் தண்ணீர் குறைந்த அளவுக்கு, சூட்டை வெளியே விடும் மேற்பரப்பு குறைவதில்லை. அசல் பாய்லரின் புகைக்குழாய்களை அப்படியே சுருக்கினால் 3 மில்லிமீட்டருக்கும் சிறிய துளையாகிக் கரி அடைத்துக்கொள்ளும். ஆகவே குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, விட்டத்தைக் கூட்ட வேண்டும். வெளித்தோற்றம் அசலைப் பின்பற்றலாம்; உள்ளே நெருப்பும் தண்ணீரும் தங்கள் அளவிலேயே இருக்கின்றன, அவற்றுக்கு ஏற்றபடிதான் செய்ய வேண்டும். இதைப் புரிந்துகொண்டவர் எல்.பி.எஸ்.சி.

ஆனால் நான் அவரை மதிப்பது வேறொன்றுக்காக. சுமார் நாற்பது வருடம், லேத்தைத் தொட்டறியாதவர்களுக்கும் புரியும்படி, வாரம் ஒரு பகுதியாக, இந்தத் தகட்டை வெட்டு, இங்கே துளை போடு என்று எழுதிக்கொண்டே இருந்தார். அவரை ஒருநாளும் சந்திக்காத தச்சர்களும் எழுத்தர்களும் அதைப் படித்து எஞ்சின் செய்தார்கள். அவருடைய 'டிச்' என்ற குட்டி எஞ்சின், செய்தவர் கைக்குத் தக்கபடி சின்னச் சின்ன வித்தியாசங்களோடு, இன்றும் இம்மாதிரி மண்டபங்களில் கண்ணில் படுகிறது.

எதிர்த்திசையில் போனவர் செர்ரி ஹில். விக்டோரியா காலத்தில் யாரோ யோசித்து, சில செய்யப்பட்டும், பிறகு மறக்கப்பட்ட நீராவி வண்டிகளைப் பழைய காப்புரிமைப் படங்களிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் மீட்டு, 16-ல் ஒரு பங்கு அளவில் ஓடும்படி செய்தார். இத்துறையின் உயர்ந்த பரிசான டியூக் ஆஃப் எடின்பரோ கோப்பை அவருக்கு ஒன்பது முறை கிடைத்தது. அவர் செய்தவை லண்டனில் இயந்திரப் பொறியாளர் நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கின்றன. இறந்தவர்களின் யோசனைக்கு அவ்வளவு காது கொடுத்தவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

*

சங்கங்களின் மேசைகளில் பாய்லர்களைக் கழற்றி வைத்திருந்தார்கள். செம்புத் தகடு, வெள்ளி கலந்த பற்றுப்பொடி. நம் ஊரில் ஆசாரி வெண்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுகிற அதே வேலைதான், மோதிரத்துக்குப் பதில் தவலை அளவு செம்பு. முழுப் பாய்லரும் மங்கிய சிவப்புக்கு வந்தால்தான் பொடி உருகி இடுக்கில் பாயும். அதனால் ஒருவர் பற்றவைக்க, இன்னொருவர் இரண்டாவது நெருப்பைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

புதுப் பாய்லரைச் சங்கத்தின் பரிசோதகர் பார்ப்பார். உள்ளே காற்று இல்லாதபடி தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற்றுவார். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டில் ஓடப்போகிறது என்றால் 160. தண்ணீர் அமுங்காது. ஆகவே இணைப்பு விட்டால் ஒரு சொட்டு கசியும், முள் இறங்கும், அவ்வளவுதான். நீராவியில் விட்டால் பக்கத்தில் நிற்கும் குழந்தை மேல் பாயும். பிறகு சான்றிதழ். அது இல்லாமல் மக்கள் கூடும் இடத்தில் நெருப்பு மூட்ட முடியாது. சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் மிக உயர்ந்த பழக்கமாகவே படுகிறது: நண்பனின் பதினைந்து வருட உழைப்பை எதிரில் வைத்துக்கொண்டு, போதாது என்று சொல்லும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

*

மண்டபத்தின் கோடியில் பாதியில் நின்ற வேலைகளை விற்கும் கடை. இந்தக் கண்காட்சிகளில் இப்படி ஒன்றாவது இருக்கும். செய்தவர் போய்விடுவார், கொட்டகையைக் காலி செய்ய வேண்டிவரும், பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

மேசைமேல் 3½ அங்குல எஞ்சினின் அடிச்சட்டம் ஒன்று. சக்கரங்கள் ஏறியிருந்தன. சட்டத்தில் நீல மை இன்னும் அழியவில்லை. அதன் மேல் ஊசியால் கீறிய கோடுகள். கோடுகள் வெட்டும் இடத்தில் சென்டர் பஞ்ச் புள்ளிகள். நான்கு துளை போட்டாகிவிட்டது, ஐந்தாவது இடத்தில் புள்ளி மட்டும். பக்கத்தில் இருந்த பெட்டியில் முடித்த பாய்லர் ஒன்று, புகையிலை டப்பாவில் ஆணிகள், பென்சிலில் அளவு குறித்த ஒரு துண்டுத்தாள்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எஃகு ஸ்கேலைச் சட்டத்தின் மேல் வைத்தார். சக்கரங்களை ஒரு சுற்றுச் சுற்றினார். இணைப்புத் தண்டு எங்கும் பிடிக்கவில்லை. "நல்ல கை" என்றார், யாரிடம் என்றில்லாமல். துண்டுத்தாளைப் படித்தார். வரைபடத்தில் இல்லாத ஒரு மாற்றத்தை முந்தியவர் செய்திருக்கிறார், காரணம் இருக்கும், அதை அப்படியே தொடர்வேன் என்று கடைக்காரரிடம் சொன்னார்.

பிறகு பாய்லரை எடுத்தார். சிறு டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்திருந்தார். ஃபயர்பாக்ஸ் வாய் வழியாக வெளிச்சம் விட்டு நெடுநேரம் பார்த்தார். வெளி இணைப்புகள் எல்லாம் வழவழவென்று இருந்தன. உள் சுவருக்கும் வெளிச் சுவருக்கும் நடுவே போகும் தாங்கு கம்பிகளான ஸ்டேக்களின் பக்கம் கண்ணாடி எட்டவில்லை.

"இதை நான் வைத்துக்கொள்ள முடியாது. கட்டும்போது யாரும் பார்க்கவில்லை. எங்கள் பரிசோதகர் நிச்சயம் கேட்பார், எனக்குப் பதில் தெரியாது" என்றார்.

கடைக்காரர் மறுக்கவில்லை. பாய்லருக்கு உண்டானதை விலையில் கழித்தார். அந்தப் பெண் பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவி, ஓரம் உருட்டிய மூன்று கனத்த எஃகுத் துண்டுகளை வெளியே எடுத்தார். பாய்லர் தகடுகளை அடித்து மடிப்பதற்காக முந்தியவர் செய்து வைத்திருந்த அச்சுகள். வளைவைக் கட்டைவிரலால் வழித்துப் பார்த்து, இவை வேண்டும் என்று தனியே வைத்தார். 2½ மில்லிமீட்டர் செம்புத் தகடு எந்தக் கடையில் வெட்டிக் கொடுப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு பர்ஸைத் திறந்தார்.