மூச்சும் பரிவும்

காதலைப் பாடாத மொழி உலகில் இல்லை. தமிழோ அதற்கெனத் தனி இலக்கணமே வகுத்துக்கொண்ட மொழி. ஆயினும், காதற்பாட்டு ஒன்றைக் கேட்டு உருகும்போது நாம் உண்மையில் எதைப் போற்றுகிறோம் என்னும் வினாவை எழுப்பிக்கொள்வது அரிது. பாடுபவரின் திறமையையா? பாட்டில் வரும் அன்பையா? அன்றி, அதைக் கேட்கையில் நம் உள்ளத்தில் தோன்றும் நெகிழ்ச்சியையா? சிறு வினாவாகத் தோன்றினும், இது நம் இல்லங்களின் நலத்தைத் தொடும் வினாவாகும். எனவே, யாவரும் அறிந்த பாடல் ஒன்றை முன்வைத்து இதனைச் சற்றே ஆராய்வோம்.

1990-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கேளடி கண்மணி' இயக்குநர் வசந்தின் முதல் திரைப்படம். பின்னணிப் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அதில் கதைத்தலைவராகவே நடித்தார். மனைவியை இழந்து, மகளோடு வாழ்ந்துவரும் நடுவயது மனிதர் ஒருவரின் வாழ்வில் காலந்தாழ்ந்து ஓர் அன்பு மலர்கிறது. மகளால் அதை ஏற்க இயலவில்லை. இதுவே கதையின் கரு. இளையராஜாவின் இசையில், அவர்தம் தமையனார் பாவலர் வரதராசனின் வரிகளைப் பாலசுப்ரமணியம் அப்படத்தில் பாடினார். சரணங்களை இடையில் மூச்சு விடாமல் பாடுவதாக அமைந்த அப்பாடலை அறியாத தமிழர் சிலரே.

அப்பாடலைப் பற்றி அன்பர்கள் பேசக் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் மூச்சைப் பற்றியே பேசுவர். காரைக்கால் பகுதியின் திருமண வீடுகளில் மெல்லிசைக் குழுவினர் இதைப் பாடும்போது நாம் கண்டதுண்டு. மணமக்கள் மேடையில் வீற்றிருப்பர். பாடகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சரணத்தைத் தொடங்குவார். கூட்டம் அவர் கழுத்து நரம்பையே உற்று நோக்கிக்கொண்டிருக்கும். முடிந்ததும் கைதட்டல் பந்தலை நிறைக்கும். அவர் என்ன பாடினார் என்று கேட்டால், "மூச்சு விடாமல் பாடினார்" என்பதே விடையாக வரும். யாருக்காகப் பாடப்பட்டது, எத்தகைய அன்பு அதில் பேசப்பட்டது என்பவை எவர் நினைவிலும் இரா.

ஆனால், அந்தப் பாடகரே இவ்வியப்பைத் தம் கையால் கலைத்துவிட்டார் என்பது கருதத்தக்கது. அது உண்மையில் ஒரே மூச்சில் பாடப்பட்டதன்று, ஒலிப்பதிவு உத்தியின் துணை அதில் உண்டு என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். புகழைத் தேடி அலையும் உலகில், தமக்குக் கிடைத்த புகழின் ஒரு பகுதியைத் தாமே திருப்பிக் கொடுப்பது எளிய செயலன்று.

அவ்வாறாயின், மூச்சு எனும் விந்தை கழிந்தபின் பாட்டில் எஞ்சுவது என்ன? பரிவு எஞ்சுகிறது. வாலிபனின் ஆரவாரம் அக்குரலில் இல்லை. இழப்பை அறிந்த ஒருவர், இனித் தமக்கு வாராது என எண்ணியிருந்த ஒன்றைப் பெற்ற நன்றியோடு பேசுவதுபோல் அது ஒலிக்கிறது. இடைவிடாது செல்லும் அந்தச் சரணங்கூட வலிமையைக் காட்டுவதற்கன்று; சொல்ல வேண்டியது மிகுதியாய் இருப்பதால் நிறுத்த மனம் வாராத நிலையே அங்குப் புலனாகிறது. ஆக, மூச்சு அன்பிற்குப் பணிசெய்ய வந்தது. நாமோ தலைவியை மறந்து தோழியைப் போற்றுவார்போல, மூச்சைப் போற்றி அன்பை மறந்தோம்.

வியப்பு உண்டாக்கும் தொலைவு

வியப்பும் பரிவும் ஒன்றல்ல என்பதை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா காணும் காரைக்காலின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. காரைக்கால் அம்மையாரின் வாழ்வைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடினார். வணிகன் பரமதத்தன் இரு மாங்கனிகளை இல்லத்திற்கு அனுப்புகிறான். மனைவி புனிதவதியார் ஒன்றைச் சிவனடியார்க்கு அளித்துவிடுகிறார். கணவன் இரண்டாவது கனியையும் கேட்க, இறையருளால் ஒரு கனி அவருக்குக் கிடைக்கிறது. அதன் சுவை வேறாயிருக்கக் கண்டு கணவன் வினவ, அவர் நடந்ததைக் கூறுகிறார். அப்படியாயின் மற்றொன்று வருவித்துத் தருக என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைந்துபோகிறது.

அதன்பின் பரமதத்தன் செய்ததே நம் ஆய்விற்கு உரியது. அவன் மனைவியை வெறுக்கவில்லை, வியந்தான், அஞ்சினான். இவர் மானிடப் பெண் அல்லர் எனக் கொண்டு கடல் வணிகம் சென்று, பாண்டிய நாட்டில் வேறு மணம் புரிந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது, இரண்டாம் மனைவியோடும் மகளோடும் வந்து அவர் காலில் விழுந்தான்.

அடியார் வரலாறாக இதனைப் போற்றுவோர் வேறு பொருள் காண்பர். அதற்கு உரிய மதிப்பை அளிக்கிறோம். நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒன்றே. கணவன் மனைவியின் காலில் விழுந்து வணங்கினான். ஆனால் அவரோடு வாழவில்லை. வியப்பு ஒருவரை உயரத்தில் வைக்கும். பரிவோ பக்கத்தில் அமரச் செய்யும். உயரத்தில் வைக்கப்பட்டவரிடம், "உண்டாயா? உறங்கினாயா?" என்று எவரும் கேட்பதில்லை. கலைஞரை வியந்து கொண்டாடும் கூட்டமும் பெரும்பாலும் இத்தகையதே.

அகுஸ்தினாரின் ஐயம்

சிலர் கேட்கலாம்: "வியப்பை விடுவோம். பரிவுக்காகவே உருகிக் கண்ணீர் விடுவோரும் உளரே, அவர்களிடம் குறையுண்டோ?" இவ்வினாவை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் தூய அகுஸ்தினார். தம் வாழ்வை இறைவன் திருமுன் எடுத்துரைக்கும் நூலின் மூன்றாம் பகுதியில், கார்த்தேசு நகர நாடக அரங்குகளில் தாம் கண்ணீர் விட்ட இளமைக் காலத்தை ஆராய்கிறார். மேடையில் துன்புறும் காதலர்க்காக அழுபவரை எவரும் உதவிக்கு அழைப்பதில்லை. அழும்படி மட்டுமே அழைக்கின்றனர். உதவ வேண்டாத இரக்கம் என்ன இரக்கம் என்பது அவருடைய ஐயம்.

இவ்வையம் நம் ஊர்களுக்கும் பொருந்தும். குடும்பச் சிக்கல்களோடு பங்கு இல்லத்தை நாடி வரும் தாய்மார் பலர் கூறுவது ஏறத்தாழ ஒன்றே. அடியில்லை, குடியில்லை, ஊதாரித்தனமும் இல்லை. ஆனால் வீட்டில் பேச்சு இல்லை. மாலையில் நண்பரோடு அமர்ந்து காதற்பாட்டுக் கேட்டுக் கண்கலங்கும் அதே மனிதர், வாசற்படி ஏறியதும் ஊமையாகிவிடுகிறார். சோறு போடு, சட்டை எங்கே, பிள்ளை எங்கே என்பவற்றைத் தவிர வேறு சொல் இல்லை. உள்ளத்தில் இருந்த கனிவெல்லாம் ஒலிபெருக்கிக்கே செலவாகிவிட்டதோ என எண்ணத் தோன்றுகிறது.

இரவற் சொல்லின் கடன்

எனினும் அகுஸ்தினாரின் ஐயத்தோடு நாம் நின்றுவிடலாகாது. இரவல் வாங்கிய உணர்ச்சி யாவும் பொய் என்றால், நம் வழிபாட்டையே ஐயுற வேண்டிவரும். திருப்பாடல்கள் எவரோ எழுதியவை. நம் துயரிலும் மகிழ்விலும் அவற்றை நம் சொல்லாகவே செபிக்கிறோம். கணவன் மனைவிக்கிடையே உள்ள அன்பைப் பாடும் இனிமைமிகு பாடலும் திருநூலில் இடம்பெற்றுள்ளது அன்றோ? அகப்பாடலில் வரும் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியம் விதித்ததும் இக்கருத்தை வலுவூட்டுகிறது. பெயர் இல்லாததால் எவரும் அங்கே நிற்கலாம். சொல் கிடைக்காதவன் எடுத்துக்கொள்ளும் பொதுச்சொத்தாக நம் முன்னோர் காதற்பாட்டை ஆக்கி வைத்தனர்.

நம் பகுதியில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய காரைக்காலில், பிரான்சில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் பல. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோரும் மிகப் பலர். ஒலிநாடாவில் குரலைப் பதிந்து வீட்டிற்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. தம் நலம் கூறியபின் பேச நா எழாமல், ஒரு பாட்டைச் சேர்த்து அனுப்பியோரை நாம் பழிக்க மாட்டோம். அவர்களுக்கு அப்பாட்டு கடிதமாக உதவியது.

ஆகவே இரவல் வாங்குவது குற்றமன்று. திருப்பிக் கொடாமை குற்றம். பாட்டிலிருந்து பெற்ற கனிவு வீட்டில் ஒரு சொல்லாகவோ செயலாகவோ செலுத்தப்பட வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' எனும் திருத்தூது ஊக்கவுரையில், குடும்பத்திற்கு இன்றியமையாத மூன்று சொற்களை நினைவூட்டினார். அனுமதி கேட்கும் சொல், நன்றி கூறும் சொல், மன்னிப்பு வேண்டும் சொல் ஆகியவையே அவை. இவற்றைக் கூற நல்ல குரலும் வேண்டா, நீண்ட மூச்சும் வேண்டா.

பரிவு செயலாக விளங்கியதைப் பாலசுப்ரமணியத்தின் வாழ்விலேயே காண்கிறோம். 1969-இல் வெளிவந்த 'அடிமைப்பெண்' படத்திற்காக இளம் பாடகராகத் தேர்வுபெற்ற வேளையில் அவர் குடற்காய்ச்சலில் வீழ்ந்தார். வேறொருவரைப் பாடவைத்து முடித்திருக்கலாம். எம்.ஜி.ஆரோ, தமக்குப் பாடப்போவதாக நண்பர்களிடம் சொல்லியிருக்கும் பிள்ளை ஏமாற்றமடையலாகாது எனக் கருதி, அவர் நலம் பெறும்வரை காத்திருந்தார். இதனைப் பாலசுப்ரமணியம் வாழ்நாளெல்லாம் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஒருவரின் மனம் நோகாதபடி காத்திருப்பதற்குப் பரிவு என்று பெயர்.

நிறைவாக, 2020-ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்போம். கொரோனா நோயுற்ற பாலசுப்ரமணியம் சென்னை மருத்துவமனையில் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு கிடந்தார். இயக்குநர் பாரதிராஜா முதலிய திரையுலகினர் விடுத்த அழைப்பை ஏற்று, ஆகஸ்டு 20 அன்று மாலை 6 மணிக்கு மக்கள் தத்தம் இல்லங்களில் அவர் பாடல்களை ஒலிக்கச் செய்து அவருக்காக வேண்டினர். மூச்சு விடாமல் பாடியவர் என்று முப்பது ஆண்டுகள் கொண்டாடிய அதே மக்கள், அன்று அவர் மூச்சு விட வேண்டும் என்று மட்டுமே கேட்டனர். சாதனையை எவரும் கேட்கவில்லை. உயரத்தில் வைத்திருந்த கலைஞரைத் தம் வீட்டு நோயாளியாகப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டனர். செப்டம்பர் 25 அன்று அவர் மறைந்தார். ஆயினும் வியப்பு அன்பாக மாறக்கூடும் என்பதை அந்த மாலைப்பொழுது காட்டிச் சென்றது.

நோயும் இறப்பும் வந்து கற்பிக்கும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? நம் இல்லத்தில் நம் அருகில் மூச்சு விட்டுக்கொண்டிருப்போர் இருக்கின்றனர். அடுத்தமுறை அப்பாடல் காதில் விழும்போது பாடகரின் மூச்சை எண்ணிக்கொண்டிராமல், அது முடிந்ததும் அடுக்களையில் நிற்பவரை அழைத்து, அன்று அவர் உண்டாரா என்று கேட்போம். அந்தப் பாடலுக்கு நாம் செலுத்தும் உண்மையான பாராட்டு அதுவே.