மூக்குச் சதையும் மூன்று அளவைகளும்

கண்ணால் கண்டது மட்டுமே அறிவு என்பது உலகாயதர் கொள்கை. சைவ சித்தாந்தம் அதை மறுக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் அறிவு பெறும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொண்டார். காட்சியிலேயே ஐயமும் திரிபும் கலக்கும் என்றும் காட்டினார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு மதுரைச் சீமையின் மூக்கு நோய் ஒன்றே சான்று.

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் கண்மாயிலும் ஊருணியிலும் குளிப்பவர்களுக்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் வருவதுண்டு. மூக்கினுள் சதை வளரும். அது புற்று அன்று. ஒவ்வாமையோடு வரும் பாலிப்பையும் மக்கள் மூக்குச் சதை என்றே சொல்வார்கள். பாலிப் வெளிறி, உரித்த திராட்சை போலிருக்கும். ரைனோஸ்போரிடியோசிஸ் சதையோ சிவந்து, மேலெல்லாம் வெண்புள்ளிகளோடு, தொட்டாலே இரத்தம் கசியும். பழகிய மருத்துவருக்குப் பார்த்ததுமே பிடிபடும். ஆனால் புற்றாக மாறக்கூடிய இன்வர்டட் பாப்பிலோமாவும் ஒரு பக்க மூக்கடைப்போடுதான் தொடங்குகிறது. எனவே முதற்பார்வை ஐயக்காட்சியே. வெட்டியெடுத்த சதையில் வித்து நிறைந்த வட்டப் பைகளை நுண்ணோக்கியில் கண்ட பிறகே ஐயம் தீரும்.

திரிபும் இங்கு உண்டு. 1900-இல் பியூனஸ் ஐரிஸில் கில்லெர்மோ சீபர் இந்த நோயை உண்டாக்கும் ரைனோஸ்போரிடியம் என்ற உயிரியை விவரித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் அது பூஞ்சை என்றே பெரும்பாலோர் கொண்டனர். பைகளைச் சரியாகத்தான் கண்டார்கள். கண்டதை வேறொன்றாகக் கொண்டார்கள். 1999-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, மீன்களைத் தொற்றும் நீர்வாழ் ஒட்டுண்ணிகளின் குழுவில் அதைச் சேர்த்தது.

காண்பதே கூடாத இடமும் உண்டு. வளரிளம் பருவச் சிறுவர்களுக்கு அரிதாக வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா இரத்தக் குழாய்கள் மண்டிய கட்டி. சோதனைக்காக ஒரு துண்டு கிள்ளினாலும் இரத்தம் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுவனின் வயது, திரும்பத் திரும்ப வடியும் இரத்தம், சி.டி. ஸ்கேனில் முன்னோக்கி வளைந்த சைனஸ் பின்சுவர் ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். புகை கண்டு நெருப்பை அறியும் கருதல் இதுதான். உலகாயதர் இங்கே என்ன செய்வார்?

ரைனோஸ்போரிடியோசிஸை அறிய, “எந்தக் கண்மாயில் குளிப்பீர்கள்?” என்ற கேள்விக்கு நோயாளி தரும் விடையும் துணை செய்கிறது. சித்தாந்தம் உரை என்று சொல்வது குற்றமற்ற ஆகம வாக்கை. நோயாளியின் சொல்லை அதனோடு ஒப்பிட முடியாது. கருதலுக்கு ஏது தருவதே அதன் பயன்.

ரைனோஸ்போரிடியத்தை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும் நம்பகமான முறை இன்னும் இல்லை. அது கண்மாய் நீரிலிருந்து மூக்கில் ஏறுவதும் கண்டறிந்த செய்தியன்று, கருதி அறிந்தது. சதையை அகற்றி அடிப்பகுதியைச் சுட்டு அனுப்பும் மருத்துவர், அந்தக் கருதலை நம்பியே, இனிக் கண்மாயில் முங்கிக் குளிக்க வேண்டாம் என்கிறார்.