சரிபார்த்தவர் கையெழுத்து

ஏரியூரில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில், வவுச்சர் போட்டவர் கையெழுத்து மட்டும் போதாது. சரிபார்த்தவரும் கீழே கையெழுத்திட வேண்டும். பிற்பாடு தப்பு தெரிந்தால் இருவரும் பதில் சொல்லியாக வேண்டும். இதில் ஊறிப்போனவன் என்பதாலோ என்னவோ, ஓர் ஆய்விதழிலிருந்து ஏழு மாதம் கழித்து என் கட்டுரைக்கு வந்த இரண்டு அறிக்கைகளின் அடியில் பெயர் இல்லாதது உறுத்தியது.

முறை இதுதான். ஆசிரியர், எழுதியவன் பெயரை நீக்கிவிட்டு, அதே துறையில் உழல்கிற இரண்டு மூன்று பேருக்குக் கட்டுரையை அனுப்புகிறார். அவர்களுக்குக் கூலி கிடையாது, பெயரும் வெளிவராது. ஏற்கலாம், திருத்தி வாங்கலாம், வேண்டாம் என்று அவர்கள் சொல்வார்கள், முடிவு ஆசிரியருடையது. ஏதோ அநாதியான நியதி போல இதைப் பேசுகிறார்கள். 'நேச்சர்' இதழே 1973இல்தான் இதைக் கட்டாயமாக்கியது. (நம் சிற்றேடுகளில் இந்த வம்பே இல்லை. நண்பர் கேட்பார், கொடுப்போம், அச்சாகும். அது வேறு நோய்.)

என் கட்டுரை புதுக்கவிதையில் வரி முறியும் இடங்கள் பற்றியது. அதன் மையப் பத்தி, கவிதைகளை உரக்கப் படித்துப் படித்துக் காதால் அடைந்த முடிவு. இருவரும் அங்கேதான் நின்றார்கள். ஆதாரம் எங்கே? கேள்வி நியாயமானது. அதுதான் சங்கடம், அநியாயமென்றால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அன்றிரவு குமாஸ்தா ராமானுஜன் நினைவுக்கு வந்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் அவருடைய கணக்குகளை லண்டனில் இருந்த தம் ஆசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். 1, 2, 3 என்று முடிவில்லாமல் கூட்டினால் மைனஸ் பன்னிரண்டில் ஒன்று வரும் என்பது அவற்றில் ஒன்று. விரியும் தொடர்களைக் கையாளும் எச்சரிக்கை இந்த இளைஞருக்குத் தெரியவில்லை என்று ஹில் எழுதினார். படிக்க வேண்டிய புத்தகத்தையும் சொன்னார். பொறுப்பான அறிக்கை. சாதாரணக் கூட்டலில் அவர் சொன்னதே சரி. ஆனால் ரீமான் 1859இல் போட்ட அடித்தளத்தில் அந்த விடைக்கும் அர்த்தம் உண்டு.

ஹில் கையெழுத்திட்டவர்தான். ஆகவே பெயர் மட்டும் இருந்து என்ன பயன்? அந்த அறிக்கை ராமானுஜனுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதே விஷயம். 1913 பிப்ரவரியில், நிரூபணம் கேட்ட ஹார்டிக்கு எழுதும்போது, தம் வழிமுறையைச் சொன்னால் நீங்களும் அந்த லண்டன் பேராசிரியர் வழியில் போய்விடுவீர்கள் என்கிறார். விடையைக் காட்டுகிறார், வந்த வழியை மறைக்கிறார். ஹார்டி கேட்டதும் ஆதாரத்தைத்தான். ஆனால் கேட்டவர் அங்கேயே நின்றார். 1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போய் அவரோடு உட்கார முடிந்தது. பெயரில்லாத கேள்வியின் பக்கத்தில் எப்படி உட்காருவது?

திருத்திய பிரதியில் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது.