கண்ணில்லாதவர் வீட்டுக்கு எஜமானர் யார்?

எங்கள் மங்கலம்பேட்டையில் எனக்குப் பெரியத்தா முறையாகும் முதியவர் ஒருவர் இருக்கிறார். கண்ணில் நீரழுத்தம் ஏற்பட்டு, சிறுகச் சிறுக இரு கண்களின் பார்வையும் போய்விட்டது. மனைவி மவுத்தான பின் தனியே வசிக்கிறார். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். கண் போன பின்னும் பெரியத்தா ஒரு காரியத்தை விட்டதில்லை. சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் தம்முடைய தேநீரைத் தாமே போட்டுக்கொள்வார். பழைய கேஸ் அடுப்பின் திருகைத் திருப்பினால் எழும் 'டக்' என்ற சத்தம், எரியும் நெருப்பின் இரைச்சல், பால் பொங்கி வரும் ஓசை ஆகிய மூன்றும் அவருக்குப் போதுமாயிருந்தன.

தனியே இருக்கும் தகப்பனார் நெருப்போடு புழங்குகிறாரே என்று மகனுக்குக் கவலை. விடுமுறையில் வந்தவர் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு, புதிய மின்னடுப்பு ஒன்றை வைத்தார். மேற்பரப்பு முழுவதும் வழவழப்பான கண்ணாடி. திருகும் இல்லை, தடவினால் தட்டுப்படும் பொத்தானும் இல்லை. கண்ணாடியில் ஒளிரும் எழுத்தைப் பார்த்து விரலை வைக்க வேண்டும். அதோடு, பேசினால் பதில் சொல்லும் ஒலிப்பெட்டி ஒன்றும், அதன் சொல் கேட்டு எரியும் விளக்குகளும், சுழலும் மின்விசிறியும் வந்தன. "ஸ்மார்ட் வீடு" என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

சில வாரம் கழித்து நலம் விசாரிக்கப் போனேன். "டீ குடிச்சாச்சா பெரியத்தா?" என்றேன்.

"பக்கத்து வீட்டுப் புள்ள பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னே வந்து அடுப்பை அமுக்கிவிட்டுப் போனாத்தான் டீ, தம்பி" என்றார். பிறகு சற்று மௌனமாக இருந்துவிட்டு, "கண்ணு போனப்பகூட நான் குருடனாகல. இந்த அடுப்பு வந்த பிறகுதான் ஆனேன்" என்றார்.

அந்தச் சொல் என்னை இன்றுவரை விடவில்லை. மகன் செய்தது பாசத்தால் செய்தது. நிய்யத்தில் குறையில்லை. ஆனாலும் ஒரு மனிதரிடம் எஞ்சியிருந்த ஆற்றல் ஒன்று அவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இதை என்னவென்று சொல்வது? கண்ணில்லாதவருக்கும் பயன்படும்படி ஒரு பொருளைச் செய்வதும் அதைத் தேடி வாங்கிக் கொடுப்பதும், நாம் விரும்பினால் செய்யும் ஸதகாவா? அல்லது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கா? அன்பு வாசகர்கள் இதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இங்கே வழிகாட்டுகின்றன.

முதலாவது, இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களுடையது. பத்ருப் போரில் கலந்துகொண்ட அன்ஸாரித் தோழர். தம் கூட்டத்தாருக்கு இமாமாக நின்று தொழவைத்தவர். பார்வை கெட்டுவிட்டது. மழை பெய்து இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் வந்தால் அவரால் பள்ளிக்குப் போக முடியாது. ஆகவே, "தாங்கள் என் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அதையே நான் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வேன்" என்ற கருத்தில் நாயகத்திடம் வேண்டினார். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களை உடன் அழைத்துக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்கள் சென்றார்கள். அனுமதி கேட்டு உள்ளே நுழைந்தார்கள். உட்காருவதற்கு முன்பே, வீட்டின் எந்தப் பகுதியில் நான் தொழுவது உமக்கு விருப்பம் என்று கேட்டார்கள். அவர் ஒரு மூலையைக் காட்டினார். அங்கேயே தக்பீர் கட்டினார்கள். புகாரி ஷரீபில் வரும் செய்தி இது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான். வந்தவர் அல்லாஹ்வின் தூதர். வீடோ பார்வை கெட்ட ஒருவருடையது. எந்த இடம் சிறந்தது என்று தாமே முடிவு செய்திருந்தால் யார் மறுத்திருப்பார்? ஆனால் வீட்டுக்குரியவரைக் கேட்டார்கள். கண் போனதால் அவர் தம் வீட்டுக்கு எஜமானர் என்ற நிலை போய்விடவில்லை.

இரண்டாவது, அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுடையது. அவர்களை முன்னிட்டு அபஸ என்னும் அத்தியாயம் அருளப்பட்டதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அந்தக் கண்ணிழந்த தோழரை நாயகம் (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியின் முஅத்தின்களில் ஒருவராக ஆக்கினார்கள். ரமலானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு இரவிலேயே ஒலிக்கும். ஸஹர் உணவை நிறுத்த வேண்டியது இப்னு உம்மி மக்தூமின் பாங்கைக் கேட்டுத்தான். வைகறையின் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தல்லவா வக்தை அறிய வேண்டும்? பார்வையில்லாதவர் எப்படி அறிவார்? விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று மக்கள் வந்து சொல்வார்கள். அதன் பிறகு அவர் பாங்கு சொல்வார்.

பாருங்கள், எத்துணை அழகான ஏற்பாடு! அவருக்கு இல்லாதது வெளிச்சத்தைப் பற்றிய ஒரு செய்தி மட்டுமே. அந்தச் செய்தி அவர் காதில் சேர்க்கப்பட்டது. மற்றதையெல்லாம் அவரே செய்தார். மதீனாவின் நோன்பே அவர் குரலைக் கேட்டுத் தொடங்கியது. இன்று கண்ணில்லாதவர்களுக்காகச் செய்யப்படும் கருவிகள் அனைத்தின் சாரமும் இதுதான். கண் சொல்ல வேண்டிய செய்தியைக் காதுக்கோ விரலுக்கோ சொல்ல வேண்டும். செயலை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

நம் பிக்ஹு நூல்களும் இந்த வழியில்தான் சென்றிருக்கின்றன. ஒரு பொருளைப் பார்க்காமல் வாங்கியவருக்கு, பார்த்த பின் ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். அப்படியானால் கண்ணில்லாதவர் எப்படி வாங்குவார்? இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் 800 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஹிதாயாவில் இதற்கு விடை இருக்கிறது. அவருடைய வியாபாரம் செல்லும். தொட்டு அறியக்கூடிய பொருளைத் தொடுவதும், முகர்ந்து அறிவதை முகர்வதும், சுவைத்து அறிவதைச் சுவைப்பதும் அவருக்குப் பார்ப்பதற்குச் சமம். நிலம் போன்றவற்றை விவரித்துச் சொன்னால் போதும். 'உமக்குக் கண்ணில்லை, ஆகவே கடைத்தெருவுக்கு வராதீர்' என்று ஃபுகஹாக்கள் சொல்லவில்லை. பார்வைக்குப் பதிலாக வேறு வாசல்களைத் திறந்து வைத்தார்கள். ஆனால் இன்றைய வழவழப்பான கண்ணாடிப் பலகை, விரலுக்கென்று திறந்திருந்த அந்த வாசலைச் சாத்திவிடுகிறது!

கருவிகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் வசதி 2009ஆம் ஆண்டிலேயே தொடுதிரைக் கைப்பேசிகளில் வந்துவிட்டது. கணினித் திரையைப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளைக் கண் பார்வையற்ற இரு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் தொடங்கி, உலகுக்கு இலவசமாகவே அளித்தார்கள். அதில் தமிழும் ஒலிக்கிறது. ரூபாய் நோட்டைக் கைப்பேசியின் முன் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும் 'மணி' என்ற செயலியை நமது ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது. கடைத்தெருவில் ஏமாறாதிருக்க எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் இவை வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. செயலியைச் செய்தவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயரை உள்ளே எழுதி வைத்திருக்க வேண்டும். விளக்கின் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் 'விளக்கு' என்று எழுதாமல் விட்டால், திரையைப் படிக்கும் குரல் 'பொத்தான்', 'பொத்தான்', 'பொத்தான்' என்றே சொல்லிக்கொண்டு போகும். எது விளக்கு, எது கதவின் பூட்டு என்று கேட்பவருக்கு விளங்காது. ஒரு சொல் எழுதும் சோம்பலால் ஒரு வீடே ஒருவருக்குப் பூட்டப்படுகிறது. பார்வையற்றவரை வழி தவறச் செய்பவரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸில் வருகிறது. வேண்டுமென்று வழி கெடுப்பதும் கவனக்குறைவால் வழியை மறைப்பதும் ஒன்றல்லதான். ஆயினும் அறிந்த பிறகும் திருத்தாமல் இருப்பவர், தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாட்டின் சட்டமும் இதனை ஹக்கு என்றே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 42, 43 ஆகிய பிரிவுகள், அன்றாடம் புழங்கும் மின்னணுச் சாதனங்களும் நுகர்பொருள்களும் எல்லாருக்கும் ஏற்ற வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டுமென்கின்றன. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்ததே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் பார்வைக் குறைபாடுள்ளோர் 50 லட்சத்துக்கும் மேல். ஏதோ ஒரு வீட்டின் காரியமல்ல இது.

இங்கே சிலர் கேட்கலாம்: "பெற்றோருக்குக் கித்மத் செய்வது பிள்ளைகளின் பாக்கியமல்லவா? தேநீர் போட்டுக் கொடுக்க ஆள் இருக்கும்போது அவரே ஏன் போட வேண்டும்?" நியாயமான கேள்விதான். கித்மத்துக்கு இணையில்லை. ஆனால் அவர் விரும்பிக் கேட்கும்போது செய்வது கித்மத். அவரால் முடிந்ததை முடியாததாக ஆக்கிவிட்டு, பிறகு நாம் செய்து கொடுப்பது கித்மத் ஆகாது. நாள் முழுதும் ஒவ்வொன்றுக்கும் பிறரைக் கூப்பிட்டுக் காத்திருப்பவரின் மனம் எவ்வளவு குறுகிப்போகும் என்பதை, நோயில் நான்கு நாள் படுத்தவர் அறிவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒலிப்பெட்டி வாங்கிக் கொடுத்தாயிற்று, அது வக்தும் சொல்கிறது, கிராஅத்தும் கேட்கவைக்கிறது, இனி அத்தாவுக்கு என்ன குறை என்று தொலைபேசியில் பேசுவதையே குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. பெட்டி ஏவலைக் கேட்கும். பேரப்பிள்ளை பள்ளியில் என்ன படித்தான் என்று அது வந்து சொல்லாது. பிறரிடம் கேட்டு நிற்கும் அவசியத்தைக் கருவி போக்கலாம். மனிதரின் உறவைப் போக்க அதை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றையும் அச்சத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் கேமரா வைத்துவிட்டு அயல்நாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்காக வைப்பதைக் குறை கூறவில்லை. ஆனால் கேமரா எங்கே இருக்கிறது, எப்போது பார்க்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அவர் சம்மதிக்க வேண்டும். பிறர் வீட்டில் நுழைய அனுமதி கேட்கும் சட்டமே பார்வையைக் காப்பதற்காக ஏற்பட்டது என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். துருவித் துருவி ஆராய்வதைத் திருமறை தடுக்கிறது. அவருக்குக் கண் தெரியாது என்பதால், அவரைத் தெரியாமல் பார்க்க நமக்கு ஹலால் ஆகிவிடாது. ஒலிப்பெட்டி கேட்டுக்கொண்டிருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்பதையும் சிறு விளக்கின் நிறத்தால் மட்டும் காட்டினால் அவர் எப்படி அறிவார்? ஓசையாலும் அறிவிப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை எளியவை. வாங்குமுன் அவரைக் கேட்க வேண்டும். கடையிலேயே அவர் கையால் தடவிப் பார்க்கச் செய்ய வேண்டும். திருகோ, அமுக்கினால் விரலுக்குத் தெரியும் பொத்தானோ உள்ளதைத் தேட வேண்டும். பொத்தான் மேல் மேடான சிறு பொட்டுகளை ஒட்டினாலே பல இயந்திரங்கள் வசப்படும். இகாமத் நேரத்தை மின்னெழுத்துப் பலகையில் காட்டும் பள்ளிவாசல்களில், அது மாறும்போது வாயாலும் ஒருமுறை அறிவிக்கலாம். மென்பொருள் வேலையிலுள்ள நம் சமுதாய இளைஞர்கள், தாம் செய்யும் ஒவ்வொரு செயலியையும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை இயக்கிப் பார்க்கட்டும். அமானிதத்தை நிறைவேற்றிய நன்மை அவர்களுக்குண்டு.

பெரியத்தாவின் மகனிடம் நான் தொலைபேசியில் பேசினேன். "இதை நான் நினைக்கவே இல்லையே!" என்று வருந்தினார். அன்றே தகப்பனாரிடம், "உங்களுக்கு எது வேணும்த்தா?" என்று கேட்டாராம். திருகு வைத்த மின்னடுப்பு ஒன்று வந்தது. நெருப்பும் இல்லை, மகனுக்குக் கவலையும் இல்லை. ஒலிப்பெட்டியை மட்டும் வேண்டாமென்று பெரியத்தா சொல்லவில்லை. "வெளக்கு எரியுதான்னு அதுதான் எனக்குச் சொல்லுது. மஃரிபுக்குப் பிறகு வர்றவங்க என் வீட்டில் இருட்டுல தடுக்கி விழக் கூடாதே, தம்பி" என்றார். தமக்கு வேண்டாத வெளிச்சத்தைப் பிறருக்காக விசாரிக்கிறார்! போன வாரம் போனபோது, அவர் கையால் போட்ட தேநீரை எனக்குக் கொடுத்தார்.

கண்ணுள்ள நாம் கண்ணில்லாதவரின் ஹக்கை உணர்ந்து நடக்கவும், அவர்களுடைய வீட்டில் அவர்களே எஜமானராக வாழ வழிசெய்யவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.