மானம் யாருக்கு ஜாமீன்?

போன வருசம் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்தவள் எனக்குச் சித்தி முறை. வாரத் தவணை கட்டவில்லை. வசூலுக்கு வந்த பையன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. "எல்லார் பணமும் சேராம நான் போவமாட்டேன்" என்றான். அவ்வளவுதான். மிச்சத்தை நாங்களே செய்தோம். "மானங்கெட்டவ" என்று சித்தியைச் சொன்னது அவனில்லை. மேடையேறி விடுதலை பேசுகிற நான்.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அதன்பிறகு பேங்கு ஊருக்கு வந்தது, சேரிக்கு வரவில்லை. பட்டா கேட்டார்கள். புறம்போக்கில் குடிசை போட்டவளுக்கு ஏது பட்டா? ஜாமீன் கேட்டார்கள். ஆண்டை கையெழுத்துப் போட்டால் அவர் நிலத்தில் சொன்ன கூலிக்குக் குனிய வேண்டும்.

வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976இல் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கி ஆனது. சொத்து வேண்டாம், ஐந்து பேராக வாருங்கள் என்றது. இங்கே 1992இல் நபார்டு 500 சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கத் தொடங்கியது. எங்கம்மா பேங்குக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தது குழுவால்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பின்னால் வந்த வாரத் தவணைக் கம்பெனிகள், சொத்தில்லாதவளிடம் எதை அடமானம் வாங்கின? பக்கத்து வீட்டுக்காரியின் உறவை. 2010இல் ஆந்திராவில் கடன்பட்ட பெண்களின் தற்கொலைச் செய்திகள் வந்தபிறகு அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது.

வாங்கின கடனைக் கட்டுவது அறம்தானே என்பார்கள். சரி. பெரிய முதலாளி கட்டாதது 'வாராக்கடன்' என்று கணக்கில் எழுதப்படுகிறது. அவன் வாசலில் எந்தப் பொம்பளை உட்கார்ந்தாள்? கூட்டுப் பொறுப்பு என்றால் விழுந்தவளைத் தூக்குவது. விழுந்தவளை மிதித்தால்தான் நாளைக்கு நமக்குக் கடன் என்றால் அதற்குப் பெயர் ஒற்றுமையா? நம்மை அவமானப்படுத்த முன்பு ஊரார் வர வேண்டியிருந்தது. இப்போது நாமே போதும்.

ஒரு வாரம் கழித்து சித்தி வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாள். முகம் பார்க்காமல் சொன்னாள்: "தண்டல்ல வாங்கி அத கட்டிட்டேன்டி. நீ சொன்ன சொல்ல எதக் குடுத்து அடைக்கறது?"

அந்தக் கடன் என்னுடையது. தவணை இன்னும் தொடங்கவில்லை.